ஆட்டுப் படம்

ரோகிணியிடம் ஒரு படம் இருந்தது. அதற்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் அவளுக்கு அது ஆட்டுப் படம்தான். லாட்ஜ் அறையில் ஓர் ஆட்டை ஒளித்து வைத்துக்கொண்டு ஒருவன் படும் பாடுதான் கதை. காவியமெல்லாம் இல்லை. ஆனால் மதுரையில் பரீட்சையில் கோட்டை விட்டபோதும், செகந்திராபாத் பக்கத்து அமீர்பேட் ஹாஸ்டலில் ஊர் நினைப்பில் சோறு இறங்காதபோதும், கணவன் தமிழ்ச்செல்வனை ஆன்சைட் வேலை என்று அமெரிக்காவுக்கு ஏற்றிவிட்டு வந்த அன்றும் அவள் போட்டுப் பார்த்தது அதைத்தான்.

மகள் ஹம்ஸினிக்கு மட்டும் அதைக் காட்டாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். பிள்ளைக்குக் கொஞ்சம் விவரம் தெரியட்டும். லாட்ஜில் நடக்கும் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பட்டு வேட்டியை மென்றுகொண்டே ஆடு மாடிப்படி இறங்கி வருமே, அந்த இடத்தில் தான் படத்தைப் பார்க்காமல் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். பெற்றவளுக்கு இந்த ஆசைகூட இருக்கக் கூடாதா?

ஹம்ஸினி ஒன்றாம் வகுப்புக்குப் போன வருஷம், ஒரு ஞாயிறு மத்தியானம் நாள் கூடிவந்தது. ரோகிணி சிடியைப் போட்டாள். லாட்ஜ் மேனேஜர் திரையில் வந்து வாயைத் திறக்குமுன் குழந்தை தெலுங்கில் முந்திக்கொண்டது.

"மேக்ககி கூடா காபி செப்பாலா சார்?"

ஆட்டுக்கும் காபி சொல்லணுமா சார் என்று மேனேஜர் தமிழில் கேட்டது அதற்கப்புறம்தான்.

"உனக்கு எப்படிடி தெரியும்?"

"பட்டு மாமி வீட்டுல டெய்லி பாப்போமே, நீ ஆபீஸ்ல இருந்து வர்ற வரைக்கும். அம்மா, இது ராங். மேனேஜர் அங்கிள் வாய்ஸ் இப்படி இருக்காது."

ஆடு படியிறங்கி வந்தது. ஹம்ஸினி கொட்டாவி விட்டாள்.

பட்டு மாமி கீழ்வீட்டுக்காரி. பிறந்து வளர்ந்தது செகந்திராபாத், வாழ்க்கைப்பட்டு வந்தது இந்த நாச்சாரம். பள்ளிக்கூட வேனில் வந்து இறங்கும் குழந்தையை ரோகிணி வரும்வரை மடியில் வைத்துப் பார்த்துக்கொள்பவள். நல்லவள்தான். அந்த நல்லதனம்தான் இப்போது ரோகிணியின் வயிற்றில் எரிந்தது. ஊரில் வேறு படமா இல்லை? பிள்ளையின் முதல் சிரிப்பை அடுத்தவள் அள்ளிக்கொண்டு போய்விட்டாளே, அதுவும் தெலுங்கு டப்பிங்கில்!

மறுநாளே லீவு போட்டாள். "மாமி வீட்டுக்கெல்லாம் போக வேணாம். அதான் அம்மா இருக்கேன்ல" என்றாள். குழந்தை அவளை ஒரு மாதிரி பார்த்தது.

புதன்கிழமை ஹம்ஸினிக்குக் காய்ச்சல் கண்டது. மாத்திரையைத் துப்பிவிட்டு, மேக்க சினிமா வேண்டும் என்று அழுதாள். ரோகிணி ஆசையாகத் தன் சிடியை எடுத்தாள்.

"அது நக்கோ, வேணாம்! மாமியோடது!"

தலையெழுத்தே என்று ரோகிணி படியிறங்கினாள்.

"கொழந்தை ஏண்டிம்மா வரதில்லை? நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?" கதவைத் திறந்ததுமே மாமி கேட்டாள்.

"காய்ச்சல் மாமி. உங்க சிடிதான் வேணுமாம்."

மாமி எடுத்து வந்தாள். நீட்டியவள் சிடியை விடவில்லை. "உங்காத்துல இதே படம் தமிழ்ல இருக்காமே? வேன்ல ஏறறச்சே சொன்னா." கொஞ்சம் தயங்கினாள். "தமிழ்ல பாத்து சிரிச்சாளா?"

அது சும்மா கேட்கிற குரல் இல்லை. ரோகிணிக்கு அந்தக் குரலை நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் நெஞ்சுக்குள் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்ததே அதுதான்.

"விழுந்து விழுந்து சிரிச்சா மாமி" என்றாள், கண் இமைக்காமல்.

மாமியின் முகம் வாடியது. "அப்படியா? சந்தோஷம். திருப்பித் தர்றதெல்லாம் நக்கோ, நீயே வச்சுக்கோ" என்று கையை எடுத்துக்கொண்டாள். ரோகிணிக்கு இனித்தது. வெட்கமாகவும் இருந்தது. இனித்ததுதான் அதிகம்.

மேலே வந்து படத்தைப் போட்டாள். ஹம்ஸினி சுடச்சுட அவள் மடியில் வந்து சுருண்டுகொண்டாள்.

"உனக்குத்தான் தெலுங்கு வராதுல்ல? நான் சொல்றேன்" என்று ஆரம்பித்தாள். இவன்தான் ஆட்டுக்காரன், இவர் மேனேஜர், ஆட்டைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறான், யாரிடமும் சொல்லிவிடாதே. வரிக்கு வரி தனக்குத் தெரிந்த கதையை ரோகிணி வாயை மூடிக்கொண்டு கேட்டாள். கல்யாண மேளம் கேட்டதும் குழந்தை டிவியைப் பார்ப்பதை விட்டுவிட்டது. திரும்பி, அண்ணாந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்தது.

"இப்ப பாரும்மா. இப்ப, இப்ப!"

ஆடு வேட்டியை மென்றுகொண்டே இறங்கி வந்தது. முதல்முறை பார்ப்பவளைப் போல ரோகிணி சிரித்தாள். நடிப்பாகத்தான் ஆரம்பித்தாள், பிறகு நிறுத்த முடியவில்லை. அவள் சிரிப்பதைப் பார்த்துப் பார்த்து ஹம்ஸினியும் கெக்கலி கொட்டிச் சிரித்தாள்.

"அம்மா, மாமி பாவம், தனியா இருப்பாங்க. கூப்பிடலாமா?"

சிரிப்பு கீழே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

"கூப்பிடலாம்டி கண்ணு" என்று ரோகிணி குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "மொதல்ல படம் முடியட்டும்."