நிக்கல் பூச்சு

நானும் டெல்பர்ட்டும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாகியும் எனக்கு அவன் அவன்தான். இந்தியானாவில் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டிக்கொண்டிருந்தான். நான் கார் பம்பர்களுக்கு நிக்கலும் குரோமும் பூசும் பட்டறையில், பாலிஷ் சக்கரத்தின் முன்னால் பதினோரு வருஷம் நின்றவள்.

அவனுக்குப் பழைய கைத்துப்பாக்கி சேர்க்கிற ஆசை. சுடுவதற்கு அல்ல. நூறு வருஷத்துக்கு முன்னால் ஜனங்கள் தபாலில் வரவழைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட சின்ன ரிவால்வர்கள், வசதிக்காரர்கள் சீந்தாத சரக்கு. வருஷத்துக்கு ஒன்று, அதுவும் கோடையில் ஊரார் வீட்டுப் புல் வெட்டிச் சேர்த்த பணத்தில் என்று எங்களுக்குள் பேச்சு. கூரை ஒழுகின வருஷம் எதுவும் வாங்கவில்லை. முணுமுணுக்கவும் இல்லை.

அடுத்த பிப்ரவரியில், பன்றிக் கண்காட்சி நடக்கிற கொட்டகையில் துப்பாக்கிச் சந்தை போட்டார்கள். கூரைச் செலவு போக மிஞ்சிய இரண்டு கோடைப் பணமும் அவன் பையில் இருந்தது. மூன்றாவது வரிசையில் லவெல் என்ற வியாபாரியின் மேஜைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டான்.

"வெர்னா, இங்க பாரேன். மெர்வின் ஹல்பர்ட்!"

மேஜையிலிருந்த அந்தப் பழைய கம்பெனி ரிவால்வரின் குழலைத் திருகி முன்னால் இழுத்துக் காட்டினான். கையை எடுத்ததும் அது தானே உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. இருபது வருஷமாகப் புத்தகத்தில் மட்டும் பார்த்த பொருள். கண்ணாடிபோல மின்னியது.

எனக்கு அந்த மினுக்குதான் உறுத்தியது. கையில் வாங்கி, ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தேன். குழலில் பொறித்த எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்தது. திருகாணித் துளைகளின் விளிம்பு குழிந்து கிடந்தது. பூச்சுக்கு அடியில் துருப்பிடித்த பள்ளங்கள், அம்மைத் தழும்புபோல.

"இது அந்தக் காலத்துப் பூச்சு இல்ல, டெல். துருவைச் சக்கரத்துல தேச்சு எடுத்துட்டு, மேல புதுசா நிக்கல் போட்டிருக்காங்க."

லவெல் என்னைப் பார்க்கவே இல்லை. டெல்பர்ட்டைப் பார்த்துச் சிரித்தான். "என்னப்பா, உன் வீட்டம்மா பம்பர் வாங்க வந்தாங்களா?"

பக்கத்து மேஜைக்காரர்களும் சிரித்தார்கள். டெல்பர்ட்டின் காது சிவந்தது. "நீ போய் ஒரு காபி குடி வெர்னா. நான் வந்துடறேன்."

போனேன். காபி வாங்கவில்லை. வண்டியில் உட்கார்ந்திருந்தேன். அவன் பொட்டலத்தோடு வந்தான்.

மாதம் ஒருமுறை நூலகத்தின் கீழ்த்தளத்தில் சேகரிப்பாளர்கள் கூடுவார்கள். அந்த வியாழக்கிழமை டெல்பர்ட் அதை எடுத்துப் போனான். திரும்பியவன் நேரே குளிக்கப் போனான். அவனுக்குப் பிடித்த நூடுல்ஸ் போட்ட கோழியைத் தொடவில்லை. துப்பாக்கிகளை வைக்கும் கண்ணாடிப் பெட்டியில் அது இருந்த இடம் காலியாக இருந்தது.

சனிக்கிழமை பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். வந்து பக்கத்தில் நின்றான்.

"எங்க கூட்டத்து ஆர்வில் பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தான். நீ சொன்னதையேதான் சொன்னான். ஒரு வார்த்தைகூட மாறல."

"அவனையும் காபி குடிக்க அனுப்பினியா?"

அவன் சிரிக்கவில்லை. "ஊரே சிரிச்சதும் எனக்கு மானம் போச்சு வெர்னா. அதை உன் மேல காட்டிட்டேன். தப்புதான்."

"மானம் போனது உனக்கா, எனக்கா? பதினோரு வருஷம் அந்தத் தூசியத் தின்னவ நான்."

"உனக்குத்தான்" என்றான். துடைக்கும் துணியை எடுத்து, தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தான். எல்லாத் தட்டையும் துடைத்து முடித்த பிறகுதான், "எப்படிக் கண்டுபிடிச்ச? எனக்கும் காட்டு" என்றான்.

அவனை வெளியே கூட்டிப்போய் எங்கள் வண்டியின் பின்பக்க பம்பரைக் காட்டினேன். நசுங்கி, தட்டி நிமிர்த்தி, மறுபடி பூசியது. விளிம்பில் வெளிச்சம் எப்படி வழுக்குகிறது என்று விரலால் தொட்டுக் காண்பித்தேன். பனியில் மண்டியிட்டு அரைமணி நேரம் பார்த்தான்.

ஏப்ரல் சந்தையில் அதை விற்றான். 'பூச்சு புதியது' என்று அட்டையில் எழுதிக் கட்டிவிடச் சொன்னான், எழுதினேன். போட்டதில் பாதிதான் வந்தது. வாங்கினவள் ஒரு மாட்டு வைத்தியர். அவளுக்கு அந்தத் திருகும் குழல்தான் வேண்டியிருந்ததாம்.

அன்றைக்கே கடைசி வரிசையில் ஒரு பழுப்பேறிய சின்ன ரிவால்வர் என் கண்ணில் பட்டது. பூச்சு பாதி உரிந்திருந்தது. மிச்சமிருந்த பாதி, செய்த அன்று போட்டது. எழுத்தெல்லாம் கத்திபோல நின்றது.

"அசிங்கமா இருக்கே" என்றான் டெல்பர்ட்.

"உனக்கு யார் வாங்கறா?" என்று என் பணப்பையைத் திறந்தேன்.