ஒரு முழச் சுவர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். வரட்டுமே. ஒரு முழம் இருக்க வேண்டிய சுவர் ஒரு சாணாகச் சுருங்கி நிற்பதைப் பார்த்தும் கோபப்படாத ஆர்க்கிடெக்ட் எதற்கு?

கால் எலும்பு முறிந்து இரண்டு மாதம் படுத்துக் கிடந்துவிட்டு, அன்றுதான் தடியை ஊன்றிக்கொண்டு வேலை நடக்கும் இடத்துக்குப் போனேன். பச்சைப் பசேலென்ற சதுக்கத்தின் ஓரத்தில் நான் வரைந்த நான்கு மாடிக் கட்டடம், இரண்டு மாடி எழும்பியிருந்தது. வாசலில் ‘தானாகக் குளிரும் செங்கல் வீடுகள்’ என்று ஆள் உயரப் பலகை. இரண்டாம் மாடியில், மேற்கே சதுக்கத்தைப் பார்த்த ஜன்னல் திட்டில் கையை விரித்து வைத்தேன். கட்டைவிரல் உள்விளிம்பில், சுண்டுவிரல் வெளிவிளிம்பில். அவ்வளவுதான் சுவர்.

நான் வரைந்தது இரட்டைச் சுவர். வெளியே ஒரு செங்கல் சுவர், உள்ளே ஒன்று, நடுவில் இரண்டு அங்குலம் வெறும் காற்று. மேற்கு வெயில் வெளிச்சுவரோடு நின்றுவிடும். சதுக்கத்து மரங்களுக்கிடையே வரும் காற்று சின்ன ஜன்னல்கள் வழியாக நுழைந்து, சூடானதும் மாடிப்படிக் கூண்டு வழியாக மேலே போய்விடும். ஏ.சி. இல்லாமலே குடியிருக்கலாம். இதற்காக ஒன்றரை வருடம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அந்த வரைபடத்தைக் காட்டித்தான் நகராட்சியிடம் ஒரு மாடி கூடுதலாக அனுமதியும் வாங்கினார்கள்.

மேஸ்திரி என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். “நான் சொல்லிப் பார்த்தேம்மா. ஒத்தைச் சுவர் போதும்னுட்டார் முதலாளி. ரூம் பெருசாகுமாம்.”

முதலாளி வேறு யாருமில்லை, என் பெரியப்பா மகன். தகரக் கொட்டகை ஆபீசில் ஏ.சி.க்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார்.

“வா பாப்பா. கால் எப்படி இருக்கு?” நாற்பத்தொரு வயதாகியும் அவருக்கு நான் பாப்பாதான்.

“காலை விடுங்கண்ணே. சுவர் எங்கே?”

“நிக்குதே.”

“பாதி நிக்குது. மீதி?”

“இங்க பாரு, வாங்க வர்றவங்க டேப்பை வச்சு ரூமைத்தான் அளக்குறாங்க. சுவரை யாரு அளக்குறா? வெளிய செங்கல் தெரியுது, போதும்.” பேசிக்கொண்டே ஒரு படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். மூன்றாம் மாடியைத் தொடங்க வேண்டுமானால், கீழ் இரண்டு மாடிகளும் சரி என்று நகராட்சிக்கு நான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.

மூன்றாம் மாடியில் மேற்கு வீட்டை வாங்கியிருப்பவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர். அவர் கணவர் பாய்லர் ஆபரேட்டராக இருந்தவர். நீராவியில் உடம்பு முக்கால்வாசி வெந்து, ஒட்டுத்தோல் வைத்துப் பிழைத்தார். ஒட்டுத்தோலில் வேர்க்காது. வேர்க்காத உடம்புக்கு வெயில் எமன். “மேற்கு வீடு, பயமில்லையே மேடம்?” என்று டீச்சர் என்னிடம்தான் கேட்டார். “நான் இருக்கேன், வாங்குங்க,” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவளும் நான்தான்.

இதையெல்லாம் அண்ணனிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “சரி, கத்தாதே. மூணாம் மாடி இன்னும் ஆரம்பிக்கல. உன் டீச்சர் வீட்டுக்கு மட்டும் நீ கேட்ட மாதிரி ரெட்டைச் சுவர் வச்சுத் தரேன். நீ இதுல கையெழுத்துப் போடு. மத்தவங்களுக்குத் தெரியவா போகுது?”

படிவத்தை அவர் முகத்தில் விட்டெறிந்திருக்க வேண்டும். மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அந்த நிமிஷம் எனக்கு அண்ணன் சொன்னது நியாயமாகவே பட்டது. அண்ணன் மேல் வந்த கோபம்கூட ஆறிவிடும், என் மேல் வந்தது இன்றுவரை ஆறவில்லை.

நேரே டீச்சர் வீட்டுக்குப் போனேன். மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட இரண்டு அறை. அவர் கணவர் ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மேஜை விசிறிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். ‘மத்தவங்க என்ன பாவம் செஞ்சாங்க’ என்று டீச்சர் கேட்பார், அதைப் பிடித்துக்கொண்டு நானும் உத்தமியாகிவிடலாம் என்று நினைத்திருந்தேன் போல.

“போட்டுடுங்க மேடம்,” என்றார் டீச்சர், யோசிக்காமல். “மத்தவங்களுக்கு வேர்க்கும். இவருக்கு வேர்க்காது.”

எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை.

அவர் கணவர் விசிறியைக் குறைத்தார். “அந்தப் படிவத்துல என்னதான் எழுதியிருக்கு? படிங்க.”

படித்தேன். “நேரில் பார்வையிட்டேன். அனைத்தும் வரைபடத்தின்படி சரியாக உள்ளன.”

“எங்க பாய்லருக்கும் ஏறக்குறைய இதே வரிதான். வருஷா வருஷம் ஒருத்தர் வருவார். டீ குடிப்பார், சேஃப்டி வால்வைத் திறந்து பார்க்காமலே கையெழுத்துப் போட்டுட்டுப் போவார். தங்கமான மனுஷன். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வந்து என் கட்டில்கிட்ட நின்னு அழுதார்.”

அவர் குரலில் சூடே இல்லை. அவர் படாத கோபத்தையும் சேர்த்து நானே பட வேண்டியிருந்தது. டீச்சர் விருட்டென்று எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். பாத்திரங்கள் உருண்டன.

படிவத்தின் அடியில் ‘குறிப்புகள்’ என்று இரண்டு கோடு விட்டிருப்பார்கள். இருபது வருடத்தில் அதில் ஒரு எழுத்துகூட நான் எழுதியதில்லை. மேலே அச்சடித்திருந்த வரியைக் குறுக்கே அடித்துவிட்டு அங்கே எழுதினேன்: ‘இரண்டு மாடிகளிலும் மேற்குச் சுவர் வரைபடத்தின்படி இல்லை. இடித்துக் கட்ட வேண்டும்.’ கையெழுத்தைப் போட்டு, நகராட்சிக்குப் போவதற்கு முன் அண்ணனுக்குப் போன் செய்து வாசித்துக் காட்டினேன்.

“குடும்பத்துல இனிமே யாரும் உன் முகத்துல முழிக்க மாட்டாங்க, பாப்பா.”

“முழிக்க வேண்டாம்ணே. மேஸ்திரியை மட்டும் கடப்பாரையோட வரச் சொல்லுங்க.”

போனை வைத்ததும், சமையலறையிலிருந்து டீச்சரின் குரல் வந்தது.

“இடிச்சுக் கட்டினா எவ்வளவு நாள் தள்ளிப் போகும் மேடம்?”

“ஒரு வருஷம்.”

“அப்ப அடுத்த கோடையும் இவர் இந்தத் தகரத்துக்குக் கீழதான்.”

படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு, தடியை ஊன்றி நகராட்சிக்குக் கிளம்பினேன்.