கங்காணி நக்கிய கணக்கு

கொட்டில் கதவைப் பார்த்ததும் பிரியந்திக்கு அழத்தான் தோன்றியது. ஆனால் அழுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே! நேற்றுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு மகளுக்காக எழுதி வைத்த பின்னக் கணக்குகளில் பாதியைக் காணோம். மீதிப் பாதி எச்சில் வழிந்து கிடந்தது.

அந்த வீட்டில் கரும்பலகை என்று தனியாக ஒன்று கிடையாது. புருஷன் முத்துலிங்கம் மாட்டுக் கொட்டிலின் பலகைக் கதவுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தான். கதவு சாத்தியிருந்தால் பள்ளிக்கூடம், திறந்தால் மாட்டுக் கொட்டில். வெண்கட்டி ருசி கண்ட பசு சந்தர்ப்பம் கிடைத்தால் பாடத்தை நக்கிவிடும். வீட்டிலுள்ள எல்லாரையும் வேலை வாங்குவதால் அதற்குக் கங்காணி என்று பேர்.

"யாருடா கதவத் தொறந்தது?"

"நாந்தாம்மா. கன்னுக்குட்டிக்கி 'அ' காட்டுனேன்" என்றான் ஐந்து வயது துஷாந்த், ஏதோ பெரிய உபகாரம் செய்தவன் போல.

கங்காணி இந்நேரம் லீக்ஸ் பாத்தியில் நின்று நிதானமாக மென்றுகொண்டிருந்தது. அடுப்பில் ரொட்டி கருகும் வாசனை வந்தது. எதை முதலில் பார்ப்பது? முத்துலிங்கமாவது வீட்டில் இருந்தானா என்றால், அவனும் கரட் லொறியோடு நுவரெலியாவுக்குப் போயிருந்தான். மற்ற எந்த நாளாக இருந்தாலும் பிரியந்தி தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பாள். இன்றைக்கு முடியாது. இன்று திங்கட்கிழமை.

போன வருஷ மழையில் மண் சரிந்து, பள்ளிக்கூடம் இருக்கும் டிக்கோயாவுக்கு இறங்கும் பாதை போய்விட்டது. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த அனுபவத்தில், "பாதை வர்ற வரைக்கும் நானே படிச்சுக் குடுக்குறேன்" என்று பிரியந்தி துணிந்து சொன்னாள். சொன்னபடி செய்தாள். மகள் சுலக்ஷனாவுக்குப் பின்னமும் வந்தது, இங்கிலீஷும் கொஞ்சம் வந்தது.

பாதை திறந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. பஸ்ஸும் ஓடுகிறது. ஆனாலும் திங்கட்கிழமை வந்தால் ஏதாவது ஒன்று வந்துவிடும். ஒரு வாரம் பசு கன்று போட்டது, அடுத்த வாரம் துஷாந்துக்குக் காய்ச்சல், அதற்கடுத்த வாரம் கிழங்கு தோண்ட ஆள் இல்லை. கடைசியில் பள்ளிக்கூட அதிபர் ஆளனுப்பிச் சொல்லிவிட்டார்: இந்தத் திங்கள் காலையில் வந்து சோதனை எழுதினால் பிள்ளை தன் வயதுக்காரர்களோடு ஏழாம் வகுப்பில் உட்காரலாம். வராவிட்டால் ஒரு வகுப்புக் கீழே.

வெள்ளை உடுப்போடு, ரிப்பன் கட்டிய இரட்டைச் சடையோடு சுலக்ஷனா வெளியே வந்தாள். பாத்தியைப் பார்த்தாள். அவ்வளவுதான், ஒரே ஓட்டம்.

"அடியே, போகாத! உடுப்பு!"

யார் கேட்டார்கள்? அவள் போய்க் கழுத்தைத் தொட்டதும் கங்காணி சாதுவாகப் பின்னால் நடந்து வந்தது. பாவாடை ஓரமெல்லாம் சேறு.

"நீ தள்ளு, நான் கறக்குறேன்" என்று பிரியந்தி வாளியோடு உட்கார்ந்தாள். பசு ஒரே உதையில் வாளியை உருட்டியது. மறுபடி உட்கார்ந்தாள். மறுபடியும் உதை. அவள் கையின் அவசரம் அதற்குப் பிடிப்பதே இல்லை. கன்று போட்ட நாளிலிருந்து சுலக்ஷனா கைக்குத்தான் பால் சுரந்தது.

கீழே வளைவில் பஸ் ஹோர்ன் அடித்தது. அதன் பின்னாலேயே பால் லொறி வரும். மகள் சத்தம் வந்த பக்கம் பார்த்துவிட்டு, அம்மாவைப் பார்த்தாள்.

"நாளைக்கிப் போவம்டி" என்று பிரியந்தியின் வாய் தானாகச் சொன்னது. "அதிபர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"சரிம்மா."

முணுமுணுப்பு இல்லை, முகம்கூடக் கோணவில்லை. சுலக்ஷனா தன் பள்ளிக்கூடக் கழுத்துப் பட்டியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வாளியை எடுத்தாள். அப்போதுதான் பிரியந்தி அவள் காலைப் பார்த்தாள். வெறுங்கால்.

"சப்பாத்து எங்க?"

"பெட்டியிலதாம்மா இருக்கு. எப்பிடியும் போக மாட்டோம்னு நெனச்சேன்..."

ஏமாந்து அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பிள்ளை ஏமாறவே இல்லை, அதைத்தான் தாங்க முடியவில்லை. பாதை இல்லாத காலத்தில் படிப்பித்தவள் அவள்தான், பாதை வந்த பிறகு நிறுத்தி வைத்தவளும் அவள்தான். தன் இரண்டு கை போதாமல் பிள்ளையின் கையையும் எடுத்துக்கொண்டு, அதற்கு வாராவாரம் ஒரு காரணம் சொல்லியிருக்கிறாள். பிரியந்திக்கு வெட்கமாக இருந்தது.

"வாளிய வையி."

"அம்மா, பாலு..."

"வையின்னு சொல்றேன்ல!"

சப்பாத்தைக் கொண்டுவந்து அவளே போட்டுவிட்டாள். சேற்றை முந்தானையால் துடைத்தாள், துடைக்கத் துடைக்க அது பரவியது. கருகாத பக்கமாகப் பார்த்து ரொட்டியைக் கிழித்து மகள் கையில் திணித்தாள். துஷாந்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு மூவரும் சரிவில் ஓடினார்கள்.

பஸ் போய்விட்டது. பால் லொறி மட்டும் நின்றது.

"எங்க தங்கச்சி, பால் கேன்?" என்று எட்டிப் பார்த்தார் லொறி ஓட்டும் ராசிக். அவர் மனைவி அசீசாவும் பக்கத்தில் இருந்தாள், டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகிறவள்.

"இன்னைக்கிப் பால் இல்ல, ராசிக் நானா. புள்ளதான் இருக்கு. ஏத்திக்கிட்டுப் போயி ஸ்கூல் வாசல்ல எறக்கி விட்டுருங்க."

ராசிக் சேற்றுப் பாவாடையைப் பார்த்தார், பிரியந்தியின் முகத்தைப் பார்த்தார், கதவைத் திறந்துவிட்டார். அசீசா நகர்ந்து இடம் விட்டாள்.

லொறி நகரும்போது மேலேயிருந்து கங்காணி மடி கனத்துக் கத்தியது. சுலக்ஷனா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"அம்மா! கறக்க முந்திக் கழுத்தச் சொறிஞ்சு விடுங்க! அவசரப்படாதீங்க!"

லொறி வளைவில் மறைந்தது. அவசரப்படாமல் ஒரு காரியம் செய்து எவ்வளவு காலமாயிற்று என்று யோசித்தபடி, மகனைத் தூக்கிக்கொண்டு பிரியந்தி மேட்டில் ஏறினாள்.