நாற்பதுக்குக் கீழே நான் எழுதமாட்டேன்

0 மீட்டர்

இந்தக் கதை உத்திலாத் தீவின் படகுத்துறையில், டெல்மியின் பலேயாதா ரொட்டிக் கடையில் பிறந்தது. ரொட்டியைக் கடித்தேன், உள்ளிருந்த பயறு சட்டையில் வழிந்தது, துடைப்பதற்குள் கதை வந்துவிட்டது.

முதல் வரி: 'கடல் அவளை அழைத்தது.' (அடித்துவிட்டேன். இந்தத் தீவில் கடல் யாரையும் அழைப்பதில்லை. டைவிங் கடைப் பலகைகள்தான் அழைக்கின்றன.)

இரண்டாம் முயற்சி: 'டெல்மிக்கு வயது நாற்பத்திரண்டு, இடது முழங்காலில் வலி, முப்பது மீட்டர் வரை முக்குளிக்க அனுமதி.' பரவாயில்லை. இவளோடு போகலாம்.

கடலுக்கடியில், வடக்குப் பாறைச்சுவரில், நாற்பத்து நான்கு மீட்டரில், ஒரு பழைய நங்கூரம் கிடக்கிறது. துறையில் ஆட்களை எடைபோடுவது அதை வைத்துத்தான். மாலையானால் அவரவர் ஆழம் காட்டும் மணிக்கட்டுக் கணினியைக் கழற்றி மேசையில் வைப்பார்கள். யாருடைய ஆழம் பெரிதோ அவர் பேச்சுதான் அன்றைக்கு எடுபடும். நங்கூரத்தைப் பலமுறை தொட்டவன் வில்மர், டைவிங் கடை வைத்திருப்பவன். அன்று அவன் டெல்மியைச் சீண்டினான்.

"அடுப்புக்கிட்ட நிக்கிறதுக்கு முப்பது மீட்டர் எதுக்குக்கா?"

"சனிக்கிழமை அந்த நங்கூரத்தத் தொட்டுட்டு வந்து, அதே கையால ஒனக்கு ரொட்டி போடுறேன்டா. தின்னுட்டு வாயப் பொத்திக்க."

துறை முழுக்கக் கேட்டது. இனி பின்வாங்க முடியாது. நான் பேனாவை எடுத்தேன்.

18 மீட்டர்

(ஓர் அறிவிப்பு. என்னுடைய சொந்த அனுமதி இங்கே முடிகிறது. இதற்குக் கீழே எழுதுவதெல்லாம் சட்டவிரோதம்.)

ஆழப் பயிற்சி இரண்டு இடத்தில் கிடைத்தது. வில்மரிடம் அரை நாள்: பாடம் கிடையாது, நேரே நங்கூரம். பயிற்றுநர் ஜெர்லினிடம் இரண்டு நாள்: பாடம் உண்டு, எல்லை நாற்பது மீட்டர், அதற்குக் கீழே ஒரு விரற்கடைகூடக் கிடையாது. பொழுதுபோக்காக முக்குளிப்பவர்களுக்கு உலகம் அவ்வளவுதான் என்பாள் ஜெர்லின்.

நான் டெல்மியை வில்மரிடம்தான் அனுப்பினேன். ஆபத்தில்லாத கதையை யார் படிப்பார்கள்? 'அவள் வில்மரின் படகில் ஏறி' என்று எழுதும்போதே பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டாள். நின்று, அவனிடம் ஒன்று கேட்டாள்.

"கீழ காத்து தீந்துச்சுன்னா, மேல வர்ற வழியில எனக்குன்னு என்ன வச்சிருக்க?"

தீராதுக்கா என்று சிரித்தான்.

ஜெர்லினிடம் அதே கேள்வியைக் கேட்டபோது, அவள் ஒரு காற்றுச் சிலிண்டரைக் காட்டினாள். படகுக்கடியில் ஐந்து மீட்டரில் கயிற்றில் தொங்கவிடுவாளாம். அதைத் தொடாமலே திரும்பினால் நல்ல நாள். இரண்டாவது காஸ் சிலிண்டர் இல்லாமல் ஒருநாளும் கடை திறக்காத டெல்மிக்கு அது போதுமாக இருந்தது.

எனக்குத்தான் கதை போச்சு. [இங்கே ஒரு சுறா? வேண்டாம்.]

நங்கூரத்துக்கு இன்னும் நாலு மீட்டர் பாக்கி இருக்கிறதே என்று ஜெர்லின் நினைவூட்டினாள். அதை அங்கே போய்ப் பார்த்துக்கலாம் என்றாள் டெல்மி. என் கதைக்கு உயிர் வந்தது.

30 மீட்டர்

சனிக்கிழமை. பயிற்சியின் கடைசி முக்குளிப்பு. படகிலிருந்து மூன்று பேர் குதித்தார்கள்: ஜெர்லின், டெல்மி, இன்னொருவர். (பெயர் பிறகு.)

குதிக்குமுன் ஜெர்லின் சொன்னதை மட்டும் அப்படியே எழுதிவைக்கிறேன். "யாரு வேணா, எப்ப வேணா, கட்டவெரலத் தூக்கலாம். இங்க அதுக்கு 'சூப்பர்'னு அர்த்தம் இல்ல, 'மேல போலாம்'னு அர்த்தம். ஒருத்தர் தூக்குனா எல்லாரும் மேல. ஏன்னு யாரும் கேக்கக்கூடாது, கரைக்கு வந்தப்புறமும்."

நீலம். அடேயப்பா, என்ன நீலம்! டெல்மி கடையிலிருந்து கொண்டுவந்த முட்டையை உடைத்தாள். மஞ்சள்கரு சிதறவில்லை. நீர் சுற்றிலும் அழுத்திப் பிடிக்க, பந்தாக மிதந்தது. அவள் தட்ட, ஜெர்லின் தட்ட, இருபது வருடம் முட்டை உடைத்தவள் முதல்முறையாக ஒரு முட்டையோடு விளையாடினாள். இந்த ஆழத்தில் மூச்சுக்காற்றின் நைட்ரஜன் போதைபோல் தலைக்கேறும். எல்லாமே வேடிக்கையாகத் தெரியும். மஞ்சள்கரு ஒரு நிலா, நிலாவுக்கு உப்புப் போட்டு, மிளகும் கொஞ்சம்

(மன்னிக்கவும். எனக்கும் ஏறிவிட்டது.)

40 மீட்டர்

நங்கூரம் அதோ. கழுவித் துடைத்ததுபோல் தெளிவாக, ஒரு மாடி இறங்கும் தூரத்தில். டெல்மிக்குப் பயமே இல்லை. பயம் இல்லாததுதான் இங்கே பயப்பட வேண்டிய விஷயம். அது அவளுக்குப் பாடத்தில் தெரியும், தலையில் இப்போது தெரியவில்லை.

துறையில் எல்லோரும் செய்யும் தில்லுமுல்லு ஒன்று உண்டு: உடம்பை எல்லையில் நிறுத்திவிட்டு, கணினி கட்டிய கையை மட்டும் கீழே நீட்டி அரை மீட்டர் திருடுவது. அவள் கை நீள்கிறது. கைக்குப் பின்னால் தோள் போகும். தோளுக்குப் பின்னால் தலை.

முடிவு அ: நங்கூரத்தின் துரு அவள் உள்ளங்கையில்

(முடியவில்லை. எனக்கு அவள் ரொட்டி வேண்டும், அவளும் வேண்டும்.)

முடிவு ஆ: ஜெர்லின் அவளைப் பிடித்து இழுக்கிறாள். (மலிவு. தவிர, ஜெர்லின் இந்த மூச்சில் தன் காற்றின் அளவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.)

மேலே வில்மர் மேசையைத் துடைத்து வைத்திருக்கிறான். ஐந்து மீட்டரில் அந்தச் சிலிண்டர் தொங்குகிறது. நாற்பதுக்குக் கீழே நான் எழுதமாட்டேன். இந்தப் பக்கத்துக்கும் எல்லை அதுதான்.

மூன்றாவது ஆள் நீங்கள்.

டெல்மி ஒரு கணம் திரும்பி, உங்கள் கையைப் பார்க்கிறாள். என்ன செய்தாலும் சரி, ஏன் என்று நாங்கள் கேட்கமாட்டோம்.