ஊறிய கரை

இரண்டாவது முறையும் சிவப்புக் கொடி எழுந்தது.

கால் ஊன்றி எழும்பும் பலகையை ஒட்டிப் பூசியிருந்த களிமண்ணில் என் காலணியின் முனை பதிந்திருந்தது. நகக்கண் அளவுதான், ஆனாலும் தாண்டல் செல்லாது. நடுவர் அதைச் சுரண்டிச் சமன் செய்தார்.

நீளம் தாண்டுதலில் முதல் மூன்று தாண்டல்களில் ஒன்றாவது செல்ல வேண்டும். செல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். எனக்கு இன்னும் ஒன்றுதான் மிச்சம். மாநில அணிக்கு இங்கே, தஞ்சாவூர் ஸ்டேடியத்தில்தான் ஆள் எடுக்கிறார்கள். அடுத்த வருஷம் எனக்கு வயது வரம்பு கடந்துவிடும்.

வேலிக்கு அந்தப் பக்கம் பயிற்சியாளர் கிளாட்சன் சார் நின்றிருந்தார்.

"கண்ணை மூடு செம்மொழி. பலகை தெரியுதா? வெள்ளையா? அத மட்டும் பாரு."

"தெரியுது சார்."

சாப்பிடும்போதுகூடத் தெரிகிறது. அதுதான் சிக்கல். வெள்ளையாக ஒன்று தரையில் கிடந்தால் கால் அதைத் தேடிப் போய் மிதிக்கிறது, தாண்டியும் மிதிக்கிறது.

ஷீபா தண்ணீர் பாட்டிலோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். குண்டு எறிபவள். காலையிலேயே தோற்றுவிட்டு நிம்மதியாக இருந்தாள். குடவாசல் பக்கம் இருவரும் ஒரே ஊர். வயல் வழியாக, வாய்க்காலைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போவோம்.

"ஏண்டி, பிராக்டிகல்ல பிப்பெட் புடிச்ச மாதிரி கை இப்படி நடுங்குது?"

"பேசாதடி. வாந்தி வருது."

"எடு. மணல்தானே, மூடிருவாங்க."

ஷீபாவே தொடர்ந்தாள்.

"நம்ம வாய்க்கால்ல நீ ஒரு நாளாவது விழுந்திருக்கியா? நான்தான் தெனமும் சேறு."

"நீ ஓரத்துலயே கால வைப்ப. கரை ஊறிக் கெடக்கும், தள்ளி வைய்யின்னு மாட்டுக்குச் சொல்ற மாதிரி எத்தன தடவ சொல்லியிருப்பேன்?"

ஷீபா பலகையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இப்ப யாருடி மாடு?"

ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொன்னார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஓடத் தொடங்கினேன். பலகையைப் பார்க்கவில்லை. அதற்கு அப்பால் மணல் இல்லை, கலங்கலாகத் தண்ணீர் போகிறது. ஓரம் ஊறியிருக்கிறது. வைத்தால் சரியும். கால் தானாகவே தள்ளி ஊன்றி எழும்பியது.

மணலில் விழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். யாரோ கை தட்டிய பிறகுதான் திறந்தேன். வெள்ளைக் கொடி.

பலகைக்கு வெகு முன்னாலேயே எழும்பியதில், வழக்கத்தைவிட ஒரு முழம் குறைவு. மற்றவர்கள் தாண்டி முடிக்கும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். எட்டாவது இடம். எட்டுப் பேருக்குத்தான் இன்னும் மூன்று வாய்ப்பு.

"பலகைய நல்லா பாத்தியா?" என்றார் சார்.

"இல்ல சார்."

அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். ஷீபா குறுக்கே வந்தாள்.

"கரை அவ்வளவு தூரமா ஊறும்? அரை சாண் விட்டா போதாதாடி?"

"சரிஞ்சிட்டா?"

"சரிஞ்சா சரியட்டும்."

அவளுக்கென்ன, சேறு பழக்கம். காலணிக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினேன். பிறகு விரல்களை விரித்து அரை சாண் எவ்வளவு என்று பார்த்தேன்.