பக்கத்து இருக்கை

பஸ்ஸில் எனக்கு எப்போதும் முழு சீட் கிடைக்கும். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் எனக்கு வேலை. சாம்பல் படிந்த சட்டையோடு போய் உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பட்டறையில் குழாய் இல்லாமல் இல்லை. குளித்துவிட்டுக் கிளம்பினால் கடைசி பஸ் போய்விடும். எனக்கு ராஜ மரியாதை என்று மனைவியிடம் சொல்லிச் சிரிப்பேன்.

அவள் சிரிக்க மாட்டாள். "வாசல்லயே நில்லுங்க. சட்டையக் கழட்டிக் குடுங்க" என்பாள். சுத்தத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. வீட்டில் ஒரு துளி தூசி விழக்கூடாது என்று, சட்டையைக் குளியலறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு உதறுவாள். அதன் பிறகுதான் ஊறவைப்பாள். பிள்ளை குட்டி இல்லாத எங்கள் வீட்டில் சாயங்காலச் சத்தம் அதுதான். பட், பட்டென்று கேட்கும்.

ஒருநாள் காலையில் என் முகம் வீங்கியிருந்தது. காலும் செருப்புக்குள் நுழையவில்லை. இரண்டு சிறுநீரகத்தையும் ஈயம் தின்றுவிட்டது என்றார் டாக்டர். முதலாளி "உடம்பப் பாத்துக்கப்பா" என்றதோடு கை கழுவினார். கூட வேலை பார்த்தவர்கள் கொஞ்ச நாள் போன் செய்தார்கள், பிறகு அதுவும் நின்றது. டயாலிசிஸ் மெஷினோடு என்னைக் கட்டிப்போட்டார்கள். எதிரே வெள்ளைச் சுவர். அதை முறைத்து முறைத்து எனக்கே அலுத்துவிட்டது.

"எங்கிட்டதான் ரெண்டு இருக்கே, ஒண்ணு சும்மாதானே கெடக்கு?" என்றாள் மனைவி.

"வாய மூடு. அதெல்லாம் வேணாம்" என்று எரிந்து விழுந்தேன். உள்ளுக்குள் அவள் விடாமல் கேட்கவேண்டுமே என்று தவித்தேன். எனக்குக் கொடுக்க வேறு நாதி இல்லை. அவளும் விடவில்லை, பரிசோதனைக்குப் போனாள்.

முடிவைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, நீங்க எங்க வேலை பாக்கறீங்க?"

"நானா? வீட்லதாங்க. பட்டறைப் பக்கம் எட்டிக்கூடப் பாத்ததில்ல."

"இவர் துணிய யார் துவைப்பாங்க?"

"நான்தான். சும்மா துவைக்க மாட்டேங்க. மொதல்ல கதவச் சாத்திட்டு இப்படி நல்லா உதறிடுவேன்." இரண்டு கையையும் தூக்கி உதறிக் காட்டினாள். முகத்தில் அத்தனை பெருமை.

டாக்டர் மெதுவாகச் சொன்னார். "அந்தத் தூசியிலதாம்மா ஈயம் இருந்திருக்கு. உங்க கிட்னியும் பாதிதான் வேலை செய்யுது. நீங்க குடுக்க முடியாது. உங்களுக்கே வைத்தியம் பாக்கணும்."

தூக்கிய கையை அவள் மடியில் வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

"நான் உங்களுக்குக் குடுக்கலாம்னு நெனச்சேன். நீங்க முந்திக்கிட்டீங்க."

நான் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தேன்.

பஸ்ஸில் கூட்டமே இல்லை. துவைத்த வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தேன். அவளுக்கு ஜன்னலோரம் இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். எங்கள் நிறுத்தம் வரும்வரை அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.