பதினோரு நாள் ஓடிய மெஷின்

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு, லேபின் செலவுக் கணக்கைப் பார்க்கும் லாயிட் ஹாகன் தன் மேஜையில் உட்கார்ந்து வாரச் செலவுப் பட்டியலைத் திறந்தார். முதல் வரியில் அவர் பெயர் இருந்தது. கண்ணாடியைக் கழற்றி, ஸ்வெட்டர் நுனியில் துடைத்து, மறுபடியும் போட்டுக்கொண்டு பார்த்தார். பெயர் அசையவில்லை. பக்கத்தில் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டு டாலர் என்று இருந்தது.

மூன்று வருஷமாக அந்தப் பட்டியலை அச்செடுத்துக் காப்பி மெஷினுக்கு மேல் ஒட்டுவது லாயிடின் திங்கட்கிழமைச் சடங்கு. லேபில் உள்ள ஒன்பது பேரும் லட்சக்கணக்கான மனிதர்களின் மரபணு விவரங்களை வைத்து ஆராய்ச்சி செய்கிறவர்கள். அந்த விவரங்களை யாரும் தன் கணினிக்கு இறக்கிக்கொள்ள முடியாது. கிளவுடில் அவை இருக்கிற இடத்துக்கே போய், ஒரு ஒர்க்ஸ்பேஸ் எடுத்து, அதற்குள் ஒரு மெஷினை வாடகைக்குப் பிடித்து, வேலை முடிந்ததும் அணைத்துவிட்டு வர வேண்டும். ஒர்க்ஸ்பேஸை எல்லாரும் ரூம் என்பார்கள். ரூம் சும்மா கிடைக்கும். மெஷினுக்கு மணிக்கணக்கில் வாடகை, சாமான் போட்டுவைக்கும் டிஸ்குக்கு நாள்கணக்கில் வாடகை. மெஷினை அணைக்க மறந்து வீட்டுக்குப் போனவர் யாரோ, அவர் அந்த வாரம் எல்லாருக்கும் க்ரிங்கில் வாங்கிவர வேண்டும். நடுவில் பெக்கான் பருப்பு வைத்து, வளையமாகச் சுட்டு வரும் அந்த விஸ்கான்ஸின் பண்டத்தை லாயிட் ஒரு தடவைகூடத் தன் காசில் வாங்கியதில்லை. வாங்க வைத்தது மட்டும் முப்பத்தாறு தடவை. அதில் பதினான்கு தடவை கானா நாட்டுக்காரன் கோஜோ.

இந்தத் தடவையும் கோஜோதான் என்று நினைத்துக்கொண்டுதான் பட்டியலைத் திறந்தார். பாவம் என்றுகூட நினைத்திருந்தார்.

நடந்தது என்னவென்று புரிந்துகொள்ள அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதுதான் கொடுமை. பதினைந்தாம் தேதி வியாழக்கிழமை, புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்கு மெஷினை அணைப்பது எப்படி என்று வகுப்பு எடுத்தார். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பயம் வரட்டுமென்று இருக்கிறதிலேயே பெரிய மெஷினை, மணிக்கு ஏழு டாலர் தின்கிறதை, எடுத்து ஓடவிட்டார். சும்மா இருந்தால் அரை மணியில் தானாக நின்றுவிடும் என்ற ஏற்பாட்டையும், வகுப்பு நடுவில் நின்று தொலைக்கப்போகிறதே என்று எடுத்துவிட்டார். "பிரவுசர மூடினா மெஷின் நின்னுடும்னு நினைக்காதீங்க. ஜன்னல சாத்தினா அடுப்பு அணையாது" என்று தன் வழக்கமான வசனத்தையும் சொன்னார். அப்போது யாரோ, ஏரி கெட்டியாக உறைந்துவிட்டது, ஐஸ்மேல் வண்டிகளே போகின்றன என்று வந்து சொல்ல, எல்லாரும் பார்க்க எழுந்தார்கள். ஏரியில் துளைபோட்டு மீன்பிடிக்கிறவரான லாயிட் முதல் ஆளாக எழுந்தார். பிரவுசரை மூடினார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த திங்கள் விடுமுறை, பட்டியல் இல்லை. ஆகப் பதினோரு நாள்.

மெஷினை அணைத்தார். மீதி எவ்வளவு என்று பார்த்தார். மூவாயிரத்து நூறு இருக்க வேண்டிய இடத்தில் ஆயிரத்து இருநூற்று ஐம்பத்திரண்டு இருந்தது. ஏப்ரல் முதல் தேதிவரை லேபுக்கு அவ்வளவுதான். அது பூஜ்யத்தைத் தொட்டால் அன்றைக்கே எல்லா ரூமும் நின்றுவிடும்.

அந்த மூவாயிரத்து நூறில் இரண்டாயிரத்து நானூறு, காயிங் லோர் என்ற பெண்ணுக்கென்று ஒதுக்கி வைத்தது. காயிங் ஆறாவது வருஷமாக முனைவர் பட்டத்துக்கு உழைக்கிறவள். யூரிக் அமிலம் சேர்ந்து கால் பெருவிரல் வீங்கும் நோய்க்குக் கொடுக்கிற மாத்திரை ஏன் சிலருக்குக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதில்லை என்பது அவள் விஷயம். வாசாவ் ஊர்ப் பக்கத்தில் ஜின்செங் மூலிகை வயலில் வேலை பார்க்கும் அவள் அப்பாவுக்கு அந்த மாத்திரை கேட்காது. அறுவடை வாரத்தில் பூட்ஸ் நுழையாமல் ஒரு காலில் செருப்போடு அவர் வயலில் நின்றதை அவள் ஒருமுறை லாயிடிடம் சொல்லியிருக்கிறாள். கடைசி அத்தியாயத்துக்கு மெஷினில் ஓட்ட வேண்டிய ஒரே ஒரு பெரிய கணக்கு, ஒரே ஒரு ஓட்டம், பாக்கி. பிப்ரவரி ஆறாம் தேதிக்குள் முழு ஆய்வேடும் தேர்வுக் குழுவின் கைக்குப் போக வேண்டும். போகாவிட்டால் பட்டம் ஆகஸ்டுக்குத் தள்ளிப்போகும், மே மாதம் மார்ஷ்ஃபீல்டில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய வேலையும் கைவிட்டுப் போகும்.

டிசம்பரிலேயே அவள் ஓட்டத் தயாராக இருந்தாள். "அவசரப்படாதம்மா, முதல்ல சின்னதா ஓட்டிப் பாரு. பணம் எங்க ஓடிடப்போகுது" என்று நிறுத்தி வைத்தது லாயிட்தான்.

பட்டியல் இன்னும் திரையில் இருந்தது. தயாரிப்பவர் அவர், ஒட்டுபவர் அவர். அந்த வரிக்குப் பக்கத்தில் 'பயிற்சிச் செலவு' என்று ஒரு வார்த்தை போட்டால் போதும். பொய்கூட இல்லை, வகுப்புக்குத்தானே எடுத்தார். ஒருவரும் கேட்கமாட்டார்கள். லாயிட் அந்த வார்த்தையை அடித்தும் விட்டார். அடித்து, அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது காயிங் பூட்ஸிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தாள்.

"லாயிட், நாளைக்கு ஓட்ட ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். என் பணம் பத்திரமா இருக்குல்ல?"

அவள் சிரித்துக்கொண்டு, சும்மா கேட்கிற தோரணையில்தான் கேட்டாள். அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"இல்லம்மா. நான் தின்னுட்டேன்."

அவள் குனிந்து படித்தாள். 'பயிற்சிச் செலவு' என்பதையும் படித்தாள். அவர் கையை நீட்டி அதை அழித்தார். கோபப்பட்டால் தாங்கிக்கொள்ளலாம் என்று அவருக்கு இருந்தது. அவளோ ஒரு கையுறையைக் கழற்றி, மடித்து, பையில் வைத்தாள். அப்புறம் மற்றதைக் கழற்றினாள்.

"எங்க அப்பாகிட்ட மே மாசம்னு சொல்லிட்டேன்" என்றாள். "அவரு ஊர் பூரா சொல்லிட்டாரு."

அவ்வளவுதான். தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்பது மணிக் கூட்டத்தில் லாயிட் எழுந்து நின்று சொன்னார். அந்தக் கூட்டத்தில் எவரும் எழுந்து நிற்பதில்லை, அவருக்கு உட்கார மனம் வரவில்லை. எந்த மெஷின், எத்தனை மணி நேரம், எவ்வளவு, யாருடைய பணம் என்று ஒன்றுவிடாமல் சொன்னார், காயிங்கின் அப்பா மே மாதம் என்று ஊர் பூரா சொல்லிவிட்டது உட்பட. புதிதாகச் சேர்ந்த இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

"அப்போ அணைக்கறது எப்படிங்கற கிளாஸ்லதான் அணைக்காம விட்டீங்க?" என்றான் கோஜோ.

"ஆமா."

"பெரியவரே, நான் பதினாலு க்ரிங்கில் வாங்கியிருக்கேன். அத்தனை தடவையும் நான் வீணாக்கினத கூட்டினாலும் இவ்ளோ வராது."

யாரோ சிரித்தார்கள். லாயிடும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "பணத்த நான் கட்டிடறேன்" என்றார் லேபை நடத்தும் பேராசிரியர் ஆனெட் பொலாக்கைப் பார்த்து. "என் படகு வெயில் காலம் வரைக்கும் சும்மாதான் நிக்குது. இந்த வாரமே வித்துடுவேன்."

ஆனெட் மறுத்துத் தலையை ஆட்டினாள். "தனி ஆள் பணத்த இந்தக் கணக்குல ஏத்த முடியாது லாயிட். அந்த விதிய எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதான். மேல எழுதிக் கேக்கறேன், ஆனா அவங்க பதில் சொல்றதுக்குள்ள ஏரி உருகிடும்." காயிங் பக்கம் திரும்பினாள். "ஆறாம் தேதிய நகர்த்த முடியுமான்னு குழுவ கேக்கட்டுமா?"

"கேட்டுட்டேன்" என்றாள் காயிங். "இப்பத்தான். முடியாதாம்."

கோஜோ காலிக் காப்பிக் கோப்பையை மேஜைமேல் உருட்டிக்கொண்டிருந்தான். "பிடுங்கிக்கிற மெஷின்ல ஓட்டினா என்ன?" என்றான்.

வாடகை பாதிக்கும் குறைவாகத்தான் வரும், ஆனால் வேறு யாராவது முழு வாடகை கொடுக்க வந்தால் ஒரு வார்த்தை சொல்லாமல் பாதி வேலையில் பிடுங்கிக்கொண்டு போய்விடும் மெஷின்கள் அவை. முப்பது மணி நேர ஓட்டத்தை அதில் போட எவனுக்கும் துணிச்சல் வராது.

"இருபத்தொன்பதாவது மணிக்குப் பிடுங்கினா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்" என்றாள் காயிங்.

"ஒரே ஓட்டமா போட்டாத்தானே. துண்டு போடுவோம். நூறு துண்டு, இருநூறு துண்டு. ஒன்னு போனா அந்தத் துண்டு மட்டும்தான் போகும். நல்லபடியா போச்சுன்னா ஆயிரத்து நூறுல முடிச்சிடலாம்."

"நம்ம எல்லாரோட டிஸ்கும் சும்மா இருந்தே நாளுக்கு இருபத்தஞ்சு டாலர் தின்னுது. அதுக்கு மேல ஆளாளுக்கு ஓட்டறது வேற இருக்கு" என்றார் லாயிட். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான், சொல்லும் யோக்கியதை தனக்கு இன்றைக்கு இல்லை என்று தோன்றியது.

கோஜோ மடிக்கணினியைத் திறந்தான். அவனுடைய கட்டுரை ஒன்று பாதியில் இருந்தது. மார்ச்சுக்குள் அனுப்ப வேண்டியது என்று லேபில் அனைவருக்கும் தெரியும். ஏதோ இரண்டு தடவை தட்டினான். "என்னோடது நின்னாச்சு. வேண்டியத மட்டும் மலிவு இடத்துக்கு மாத்திட்டு, டிஸ்கையும் சாயங்காலத்துக்குள்ள அழிச்சிடறேன்."

"கோஜோ, உன் கட்டுரை" என்றாள் காயிங்.

"கட்டுரைக்கு அப்பா ஊர் பூரா சொல்லிட்டுத் திரியல."

அதற்குப் பிறகு அது ஒரு கூட்டமாகவே இல்லை. என்னுடையதை எடுத்துக்கொள், என் ரூமில் போன வருஷக் குப்பைதான் கிடக்கிறது, என்று ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டே தட்டினார்கள். புதிதாக வந்த பெண், தன் ரூமில் ஒன்றுமே இல்லையே, எதை அழிப்பது என்று கேட்டாள். லாயிட் நின்ற இடத்திலேயே நின்றார். மூன்று வருஷம் இவர்களை விரட்டி விரட்டி வாங்க முடியாததை இப்போது கேட்காமலே கொடுக்கிறார்கள். காயிங்குக்காகத்தான், அது அவருக்குத் தெரியும். ஆனாலும் தன் தலைமேல் விழ வேண்டியதை இத்தனை கைகள் சேர்ந்து பிடிக்கின்றன என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது. அறுபத்தோரு வயதில் இப்படி ஒரு நன்றியை அவர் யாரிடமும் உணர்ந்ததில்லை, எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. போய் எல்லாருக்கும் காப்பி ஊற்றிக் கொண்டுவந்தார்.

மறுநாள் காலை மூன்று க்ரிங்கில் பெட்டிகள் வந்தன. அந்த வாரப் பட்டியலும் அவர் பெயரோடு, ஒரு திருத்தமும் இல்லாமல் காப்பி மெஷினுக்கு மேல் இருந்தது.

காயிங்கும் கோஜோவும் உட்கார்ந்து ஓட்டத்தை நூற்று எழுபத்தாறு துண்டாக நறுக்கினார்கள். லாயிட் ஒவ்வொரு ரூமாக நுழைந்து, மறந்துபோன டிஸ்க், யாரோ எப்போதோ பிரதி எடுத்து வைத்த பழைய ரூம், ஊரைவிட்டே போனவர்களின் மிச்சம் என்று தேடித் தேடி, உரியவரைப் போனில் கேட்டுக் கேட்டு அழித்தார். காயிங் அவரிடம் வேலைப் பேச்சு மட்டும் பேசினாள். மரியாதையாகத்தான் பேசினாள். அந்த மரியாதைதான் அவருக்கு வலித்தது.

வியாழன் காலை பத்து மணிக்கு மீதி ஆயிரத்து இருநூற்றுப் பதினெட்டு. காயிங் இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. பொத்தானை அழுத்தினாள். துண்டுக்கு ஒன்றாக நூற்று எழுபத்தாறு வரிகளும் சாம்பல் நிறத்தில் வரிசையாக நின்றன. ஒன்று ஓட ஆரம்பித்துப் பச்சையானது. பிறகு நாலு, பத்து, நாற்பது. கோஜோ வகுப்பெடுக்கப் போனான். லேபில் மற்ற எட்டுப் பேரின் ரூம்களும் அணைந்து கிடந்தன.

பன்னிரண்டு மணிக்கு முதல் மெஷின் பிடுங்கப்பட்டது. ஒரு வரி மஞ்சளாகி நின்றது. காயிங் வாயில் கையை வைத்துக்கொண்டாள். நாலு நிமிஷம் கழித்து வேறொரு மெஷின் அந்தத் துண்டை எடுத்துக்கொண்டது, வரி மறுபடி பச்சையானது. அவள் மூச்சை விட்டாள். எழுந்து, ஜன்னலோரத்து சோபாவில் கிடந்த கோட்டுகளை ஒதுக்கினாள்.

"நான் கொஞ்சம் படுக்கறேன். நீங்க பாத்துக்கோங்க."

லாயிட் திரும்பிப் பார்த்தார். அறையில் வேறு யாரும் இல்லை. "நானா?"

"பின்ன யாரு. மஞ்சள் ஆகி பத்து நிமிஷத்துல திரும்பலன்னா நீங்களே திரும்பப் போட்டுடுங்க. மீதி நூறுக்குக் கீழ போனா மட்டும் என்னை எழுப்புங்க."

"வேணாம்மா. கோஜோ வரட்டும். நான்..."

"லாயிட்." அவள் சோபாவில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். முகத்தில் களைப்பு, அதற்குக் கீழே ஏதோ சிரிப்பு மாதிரி. "இன்னிக்கு இந்தக் கட்டடத்துலயே மெஷின மறக்கவே முடியாத ஆளு நீங்க ஒருத்தர்தான்."

படுத்து, கோட்டைத் தலைவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. லாயிட் நாற்காலியைச் சத்தம் வராமல் தூக்கித் திரைக்கு அருகில் போட்டார். ஏரியிலிருந்து வந்த வெளிச்சம் திரையில் விழுந்து எண்களை மறைத்தது. எழுந்துபோய்த் திரைச்சீலையை இழுத்தால் சத்தம் கேட்கும் என்று, உள்ளங்கையை விரித்துத் திரைக்கு மேல் நிழல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மீதி ஆயிரத்து நூற்று முப்பத்தொன்று. தொண்ணூற்றிரண்டாவது வரி மஞ்சளானது. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். கை வலித்தது. அவர் இறக்கவில்லை.